மூடியாச்சு, பார்த்தாச்சு

காலையிலிருந்து சாப்பாட்டு மேசையில் ஓர் இரும்புச் சக்கரம் கிடக்கிறது. இட்லித் தட்டு அகலம்தான். மூன்று தடவை துடைத்தும் டீசல் வாடை போகவில்லை. கல்யாணமான புதிதில் நீங்கள் லீவுக்கு வரும்போது சட்டை, தலையணை, தலைமுடி எல்லாவற்றிலும் அடித்த அதே நாற்றம். அப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினேன். இன்று அதையே மோந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ.

கொண்டுவந்தவர் உங்கள் தூத்துக்குடிக் கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர்கள். கப்பல் என்று எழுதினாலே கோபித்துக்கொள்வீர்கள், "போட்டுன்னு சொல்லு" என்பீர்கள். சரி, போட்டு. ஏதோ குளிர் தேசத்தில் கட்டி, நீங்கள் அரை டிராயரில் திரிந்த காலத்திலேயே நம் கடலுக்கு வந்துவிட்ட போட்டு. சக்கரத்தில் இன்னும் அந்த ஊர் எழுத்து இருக்கிறது. வயசாகி, அதை உடைக்கிற இடத்துக்கு அனுப்பியபோது அவர் இதைக் கேட்டு வாங்கினாராம். நீங்கள் இருவரும் பார்த்துக்கொண்ட வால்வின் சக்கரம்.

போட்டின் கடைசி நாளைப் பற்றி உங்கள் வாயால் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! கொடி இறக்கியது, கேப்டன் கண்ணைத் துடைத்தது, எல்லோருக்கும் கடைசியாக நீங்கள் வெளியே வந்து ஏணியில் நின்று இரும்பைத் தட்டிக்கொடுத்தது. சர்ச் திருவிழாவில் சொன்னீர்கள். ஒரகடம் கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்த பிறகு ஷிப்டு பஸ்ஸிலும் சொன்னீர்கள். அதனால்தான் உங்கள் கல்லறைக் கல்லில் நம் பையன் இப்படிப் போடச் சொன்னான்: "நீர்மூழ்கிக் கப்பலின் கடைசி நாள் வரை பணியாற்றியவர்." ஞாயிற்றுக்கிழமை உங்கள் வருஷ ஜெபம். படப்பையில் இருக்கிற கல் கடைக்காரர் இன்று சாயங்காலத்துக்குள் முடிவு கேட்டிருக்கிறார்.

பையன் அனுப்பிய அந்த வரியைப் போனில் பார்த்துவிட்டுத்தான் கூட்டாளி பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"மதினி, அன்னைக்கு அவன் போட்டுலயே இல்ல. அதுக்கு ரெண்டு வருசம் முன்னாலயே கரைக்கு அனுப்பிட்டாங்க."

நான் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தேன். அந்த இரண்டு வருஷமும் உங்கள் மேல் வாடை குறைந்துதான் இருந்தது. போட்டு ரிப்பேரில் நிற்கிறது என்றீர்கள். நானும் புது சோப்பின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன், மக்கு.

மூழ்குவதற்கு முன் ஒவ்வொரு வால்வையும் ஒருவர் மூட வேண்டும், இன்னொருவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். மூடியவர் "மூடியாச்சு" என்பார், தொட்டவர் "பார்த்தாச்சு" என்பார். எனக்குத் தெரியாதா? ஏதோ ஒரு லீவில் திடீரென்று ஆரம்பித்து, இருபத்திரண்டு வருஷம் என் அடுப்பங்கரையில் இந்தக் கூத்தை நடத்தினீர்களே! நான் கேஸை மூடினால் பின்னாலேயே வந்து ரெகுலேட்டரைத் தொடுவீர்கள். "பார்த்தாச்சு. நீ மூடியாச்சுன்னு சொல்லணும்டி" என்று கெஞ்சுவீர்கள். "நான் இன்னா உங்க சிப்பாயா? என்மேல நம்பிக்கை இல்லன்னா நீங்களே சமைச்சிக்கோங்க" என்பேன். ஒரு நாளும் சொன்னதில்லை. கம்பெனியில்கூட மெஷின் லைன் நின்றதும் ஒவ்வொரு ஸ்விட்சாகத் தொட்டு, 'டபுள் செக் சார்' என்று பெயர் வாங்கினீர்கள்.

கூட்டாளி தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். ஒரு நாள் அவர் அந்த வால்வை மூட மறந்துவிட்டு, மூடியாச்சு என்றாராம். அவர் பேச்சை நம்பி நீங்கள் தொடாமலே பார்த்தாச்சு என்றீர்களாம். மூழ்கியதும் முழங்கால் வரை கடல் தண்ணீர். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகாமல் மேலே வந்துவிட்டது போட்டு. விசாரணையில் நீங்கள், "அவன் மூடிட்டான் சார், நான்தான் தொடும்போது தப்பாத் திருப்பிட்டேன்" என்றீர்களாம். அவருக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்காக உங்களைக் கரைக்கு அனுப்பியபோதும் அவர் வாயே திறக்கவில்லை. போட்டின் கடைசி நாளில் ஏணியில் நின்று இரும்பைத் தட்டிக்கொடுத்தது அவர். அன்றைக்கே உங்களுக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் சொன்னாராம்.

"திரும்ப ஒருக்கா சொல்லுலேன்னு கேட்டான் மதினி. அழுதான்."

அவர் தப்பையும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், அவருடைய கடைசி நாளையும் எடுத்துக்கொண்டீர்கள். இதில் எதற்கு நான் கோபப்படுவது, எதற்குப் பெருமைப்படுவது? ஊருக்கெல்லாம் அளந்துவிட்டீர்கள், சரி. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே! சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. திட்டித்தான் இருப்பேன்.

"அந்த வரிய எடுத்துருங்க" என்றார். அடுத்த மூச்சில், "வேண்டாம், இருக்கட்டும். எடுத்தா அவன் பொய்யனாயிருவான். வச்சா நான் பேசாம இருந்தது கல்லுலயும் நிக்கும்" என்றார். அவருக்கே குழப்பம். நான் யாரைக் கேட்பேன்?

டீ போட்டேன். கேஸை மூடிவிட்டு டம்ளரை எடுக்கத் திரும்பினேன். தண்ணீர் கேட்க அடுப்பங்கரைக்கு வந்தவர், பேசிக்கொண்டே குனிந்து ரெகுலேட்டரைத் தொட்டார். அவர் தொட்டது அவருக்கே தெரியவில்லை. எனக்கு அப்படியே அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இத்தனை வருஷம் என்னை நம்பவில்லை என்று நினைத்தேனே. நீங்கள் நம்பாதது உங்கள் கையைத்தானோ? அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

அவர் போன பிறகு எனக்கு மட்டும் காபி போட்டுக்கொண்டேன். கேஸை மூடினேன். வீட்டில் யாரும் இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சத்தமாகவே சொன்னேன், "மூடியாச்சு" என்று. அப்புறம் நானே இன்னொரு கையால் தொட்டுப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் கல் கடைக்காரர் எழுத்தெல்லாம் வரைந்து போட்டோ அனுப்பினார். கூடவே அவர் குரலில் ஒரு மெசேஜ்: "இன்னாம்மா, அந்தக் கடைசி நாள் லைனு இருக்கட்டுமா? நல்லா பாத்து சொல்லுங்க. அப்பால வெட்டிட்டா மாத்த முடியாது."

அந்த வரியை விரலால் தொட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். நான் செய்தது சரியா தப்பா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

"இருக்கட்டும். பார்த்தாச்சு" என்று அனுப்பிவிட்டேன்.