வெட்டின எட்டு வரி

13-7-63, சனி

நேற்றுப் பின்னேரம் கல்லூரி மண்டபத்தில் நாடகம் நடந்தது. நோட்டீசில் என் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. மகள் ஜோசப்பினின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

திரைச்சீலை உதவி: திரு. இன்னாசித்தம்பி, வர்த்தகர். விளக்கு உதவி: அதே ஆள். பிரதி அமைப்பும் நெறியாள்கையும்: ஆசிரியர் திரு. லியோன். ஆர்மோனியம் வாசித்தவர், முகத்துக்குப் பூசினவர், கதிரை அடுக்கின சாரணர் எல்லோரும் இருக்கிறார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். ‘கப்பல் வணிகன்’ விடிய விடியப் பாடுகிற கூத்து. கூத்துப் பழக்குகிற மண்டைதீவு தம்பிஐயா அண்ணாவியாரிடம் லியோன் மாஸ்டர் அதன் ஏட்டை இரவல் வாங்கி வந்தார். ஏடு என்பது பேச்சுக்கு, தடித்த கொப்பிதான். அதை ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்குள் அடக்கித் தா என்று எச்.எஸ்.சி. படிக்கிற ஜோசப்பினிடம் கொடுத்தார். பெண்பிள்ளை மேடையில் ஏற ஏலாது. பெண் வேஷமும் பெடியன்கள்தான். மூன்று மாதம் பள்ளிக்கூடம் விட்டு வந்து குசினி மேசையில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டையும் வாய்க்குள் பாடி நேரம் குறித்தாள். எதை வைக்கிறது, எதை விடுகிறது என்று தாளைக் கிழித்துக் கிழித்து எழுதினாள். விட்ட இடத்தில் கதை விளங்கவேண்டும் என்று கட்டியகாரனுக்கு நாலு நிமிஷப் பேச்சு ஒன்று சொந்தமாக எழுதினாள்.

பெரிய வேலை வேறு. கூத்தில் வணிகன் கடலில் மாண்ட செய்தி விடியப்புறம்தான் வரும். மனைவி ஒப்பாரி பாடும்போது சபையில் பாதிப் பேர் நித்திரை. இவள் அந்த ஒப்பாரியைத் தூக்கித் தொடக்கத்தில் வைத்தாள். ஏன் பிள்ளை என்று கேட்டேன். “செத்துப்போனான் எண்டு சபைக்கு முதலே தெரிஞ்சால், பிறகு அவன் சிரிக்கிற இடமெல்லாம் நோகும் அப்பா” என்றாள்.

நேற்று அப்படித்தான் நொந்தது. வணிகன் பகிடி விட்டான், ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த வள்ளக்காரச் சம்மாட்டியார் மூக்கைச் சீறினார்.

அண்ணாவியார் முன்வரிசையில் இருந்தார். முடிந்த கையோடு தேத்தண்ணியும் குடியாமல் எழும்பிப் போனார். பஸ்சுக்கு என்று நினைத்தேன்.

15-7-63, திங்கள்

லியோன் மாஸ்டரிடம் போனேன். நல்ல மனிதர்தான், கதிரை தந்தார். பிள்ளையின் பெயர் விடுபட்டுப் போச்சுது, யாழ்ப்பாணத்தில் அடுத்த மாதம் 17ஆம் தேதி மறுபடி போடுகிற நாடகத்துக்குப் புது நோட்டீஸ் அடிக்கிறீர்கள், அதில் சேர்த்துவிடுங்கள் என்றேன்.

அவர் யோசித்தார். “எந்த இடத்திலை போடுறது அண்ணை? எழுதினவ எண்டு போட ஏலாது, எழுதினது அண்ணாவியாரின்ரை தேப்பன். பழக்கினது நான். பிள்ளை செய்த வேலைக்கு என்ன பேர்? சொல்லுங்கோ, போடுறன்.”

எனக்குப் பெயர் வரவில்லை. நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். ஆனால் வேலை தெரியும். நான் கடலட்டை வியாபாரி. அவித்து, மணலில் தாட்டு, உரஞ்சிக் காயவைத்தால் பத்தில் ஒன்றுதான் மிஞ்சும். மிஞ்சினதற்குத்தான் கொழும்பில் விலை. பிடித்தவன் வேறு, அவித்தவன் வேறு. மூட்டையில் அவித்தவனுடைய குறிதான் போடுகிறோம். கெட்டுப்போனால் ஆரைப் பிடிக்கிறது? இதைச் சொன்னேன். மாஸ்டர் சிரித்தார்.

பிறகு மெல்லச் சொன்னார்: “உங்கடை பேர் ரண்டு இடத்திலை கிடக்கு. அதோடை மகளின்ரை பேரும் வந்தால், இன்னாசித்தம்பி அட்டை வித்த காசிலை நாடகத்தையும் வாங்கிப்போட்டார் எண்டு சனம் கதைக்கும். பிள்ளைக்குத்தான் கூடாது.”

 திரைச்சீலை கேட்டு வந்தபோது சந்தோஷமாகக் கொடுத்தேன். அது அவளை மறைக்கும் என்று கண்டேனா?

என் பெயர் இரண்டையும் எடுத்துவிடுங்கள், அந்த இடத்தில் அவளுடையதை ஒருதரம் போடுங்கள் என்றேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

16-7-63, செவ்வாய்

சரக்கு வைக்கிற கிட்டங்கியில் இரண்டு மூட்டை அட்டைக்கு ஈரம் குத்தினதைக் கவனிக்கவில்லை. எனக்கு இப்படி நடக்கிறதில்லை.

21-7-63, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது என் மனிசி அந்தோனியம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு இதில் ஒரு கவலையும் இல்லை. “குமர்ப்பிள்ளையின்ரை பேர் கடதாசியிலை ஊர் ஊராத் திரியவேணுமோ? நாளைக்கு அதிலை கச்சான் கடலை சுத்திக் குடுப்பாங்கள்” என்றாள். நாடகத்துக்கு முன்னால் அவளும் நாலு பேரிடம் சொல்லித் திரிந்தவள்தான்.

ஜோசப்பின் முந்தி மேசையில் இருந்து சாப்பிடும்போதும் பாட்டை முணுமுணுப்பாள். இப்போது சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த வருஷம் இந்த வேலையைத் தொடமாட்டாளோ?

24-7-63, புதன்

புது நோட்டீசின் மாதிரி வந்தது. என் பெயர் இரண்டும் இல்லை. அவளுடைய பெயரும் இல்லை.

முப்பது வருஷ வியாபாரத்தில் ஒரு கையால் கொடுத்து மறுகையில் ஒன்றும் வாங்காமல் வந்தது இதுதான் முதல்தரம். மேலே கேட்டவராம், ஒரு பிள்ளைக்குப் போட்டால் எல்லாப் பிள்ளைக்கும் போடவேண்டி வருமாம். கதிரை அடுக்கினவர்கள் அப்படியே இருக்கிறார்கள். என்ன நியாயம் இது — ஆரிடம் போய்க் கேட்கிறது?

27-7-63, சனி

தம்பிஐயா அண்ணாவியார் கிட்டங்கிக்கு வந்தார். எழுபது வயது. பஸ்சால் இறங்கி வெய்யிலில் நடந்து வந்திருக்கிறார். இருங்கள் என்றேன், இருக்கவில்லை.

“என்ரை ஏட்டை வெட்டினது உம்மடை பெட்டையாம். மாஸ்டர் சொன்னவர்.”

 கைதட்டினபோது மாஸ்டரின் பெயர். ஏச்சு வந்தபோது என் மகள். இது அவள் செய்த வேலை என்று வெளியில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல்தரம்.

கோபமாகவே பதில் சொன்னேன். வெட்டாமல் விடிய விடியப் பாட இது கோயில் வெளி இல்லை, மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள் என்றேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பாட்டை வெட்டினதுக்கு நான் வரேல்லைத் தம்பி. கடைசி வாழ்த்தை வெட்டிப்போட்டா. அதிலைதான் என்ரை தேப்பன்ரை பேர் கிடந்தது.”



அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. கூத்துக்கு நோட்டீஸ் இல்லை. கட்டினவனுடைய பெயர் கடைசி வாழ்த்துப் பாட்டில் எட்டு வரிக்குள் வரும். அதைப் பாடும்போது சபை எழும்பி நிற்கும். தகப்பன் இறந்து நாற்பது வருஷம், மேடைக்கு மேடை அந்தப் பெயர் பாடப்பட்டது. நம்முடைய மண்டபத்தில்தான் பாடப்படவில்லை. 17ஆம் தேதிக்கு முதல் ஏடு தன் கைக்கு வரவேண்டுமாம். ஏடு போனால், அவருடைய சம்மதம் இல்லாமல் யாழ்ப்பாணத்தில் நாடகம் இல்லை.

நான் என் பிள்ளையின் பெயருக்காகத் திரிகிறேன். அவர் நடந்து வந்தது தகப்பனுடைய பெயருக்காக. அந்தப் பெயரை எடுத்தது என் பிள்ளை.

28-7-63, ஞாயிறு

அவளிடம் சொன்னேன். சொல்லாமல் விடலாமா என்று ஒரு நாள் யோசித்தேன், ஏலவில்லை.

ஏட்டுக் கொப்பியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள்.  “நாலு நிமிஷம் கூடிப்போச்சுது. கதை முடிஞ்சுதுதானே, இது சும்மா வாழ்த்துத்தானே எண்டு நினைச்சிட்டன்.” பிறகு சொன்னாள்: “பேரை நான் வாசிச்சனான் அப்பா. வாசிச்சுப்போட்டுத்தான் வெட்டினனான்.”

அறைக்குள் போய்விட்டாள். என்ன செய்வேன்? காசால் முடிகிற காரியம் என்றால் இன்றைக்கே முடித்திருப்பேன்.

1-8-63, வியாழன்

மண்டைதீவுக்குத் தானே போகவேண்டும் என்கிறாள் ஜோசப்பின். தாய் வேண்டாம் என்கிறாள். நான் இரண்டு பேருக்கும் ஓம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

4-8-63, ஞாயிறு

ஏட்டையும் எடுத்துக்கொண்டு நானும் ஜோசப்பினும் வாடகை வான் பிடித்து மண்டைதீவுக்குப் போனோம். ஒரு வேட்டியும் சால்வையும் வெற்றிலையும் கொண்டுபோயிருந்தேன். அண்ணாவியார் வெற்றிலையை மட்டும் எடுத்தார். பேரம் பேசத் தொண்டையைச் செருமினேன். “நீர் வெளியிலை இரும். கதை எனக்கும் பிள்ளைக்கும்” என்றார். வாசலுக்கு நேரே, உள்ளே பேசுவது கேட்கிற தூரத்தில், வலை காய்கிற இடத்தில் ஒரு மரக்குற்றியில் இருந்தேன். முப்பது வருஷத்தில் என்னை ஒருவரும் பேரத்துக்கு வெளியே இருத்தியதில்லை.

வெட்டின பாட்டை எல்லாம் ஒவ்வொன்றாகப் பாடி, ஏன் வெட்டினாய் என்று சொல்லச் சொன்னார். பாடினாள். மகள் பாடி அவ்வளவு சத்தமாக நான் கேட்டதில்லை. சில இடத்தில் அவர் ஏசினார். ஒரு இடத்தில் அவளும் விட்டுக்கொடுக்காமல் வாதாடினாள். பிறகு ஒப்பாரி வந்தது.

“இதை முன்னுக்குக் கொண்டுவரச் சொன்னது ஆர்?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான்.”

“என்ரை அப்பு இருந்திருந்தால் உனக்கு அடிச்சிருப்பார்.” வெற்றிலையைத் துப்பினார். “அடிச்சுப்போட்டு, அடுத்தமுறை தானும் அப்பிடித்தான் பாடியிருப்பார்.”

வாழ்த்தைத் திரும்பச் சேர்த்தால் நாலு நிமிஷம் வேண்டும், எங்கே எடுப்பாய் என்று கேட்டார். கட்டியகாரன் பேச்சை எடுக்கிறேன் என்று உடனே சொன்னாள். முழு நாடகத்திலும் அவள் சொந்தமாக எழுதினது அது ஒன்றுதான். எழும்பி உள்ளே போகப் பார்த்தேன். திரும்பவும் இருந்துவிட்டேன். போய் என்ன சொல்வேன்?

வாழ்த்தில் இவள் பெயரையும் ஒரு வரியில் சேர்க்கலாமோ என்று வாசலில் நின்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். பாட்டில் பெயர் ஏற இருபத்தைந்து வருஷம் பாடவேண்டும் என்றார். சரிதான். பிறகு அவராகவே, “ஆனால் வெட்டினவளின்ரை பேர் எனக்குத் தெரியவேணும். நாளைக்கு இந்த ஏடு ஆரின்ரை கைக்குப் போகுதோ, அவன் ஏசுறதெண்டாலும் ஆளைப் பார்த்து ஏசவேணும்” என்றார்.

முடிவான பேச்சு இது. 17ஆம் தேதி நாடகத்துக்கு ஏட்டை விட்டுத் தருவார். எட்டு வரியும் முழுதாகப் பாடப்படும், சபை எழும்பும். கட்டியகாரன் பேச்சு இல்லை. நோட்டீஸ் அடித்தது அடித்தபடியே இருக்கும், அவள் பெயர் இல்லாமல். வெட்டின இடம், மாற்றின இடம் ஒவ்வொன்றிலும் ஏட்டு ஓரத்தில் மேரிஜோசப்பின் என்று தன் முழுப்பெயரை அவளே எழுதவேண்டும். மையால். பென்சிலை ஏற்கமாட்டார்.