படத்தின் இடது ஓரம்

சக்குபள்ளம்
12.6.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சந்தனம் எழுதுவது. பட்டாளத்தில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே மழை பிடித்துவிட்டது. ஏலக்காட்டில் அட்டைத் தொல்லை. அம்மா திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல்தான்.

உனக்கு லீவு கிடைக்காமல் அய்யாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை. அதனால் பால் ஊற்றிய அன்று குமுளியிலிருந்து போட்டோக்காரரைக் கூட்டி வந்தோம். நம் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. பெரியமுத்து மாமா எவ்வளவோ தடுத்தார். வெறும் மண்ணைப் பார்த்தால் என் பிள்ளைக்கு மனசு ஆறுமா என்று அம்மா வந்து நின்றுவிட்டாள்.

படம் சனிக்கிழமை வந்தது. நடுவில் அய்யாவின் மண்மேடு, செவ்வந்தி மாலை, பால் செம்பு, பக்கத்தில் மாமா. இடது ஓரத்தில் அம்மா. அவள் காலடியில் இன்னொரு குழி.

முதலில் தோண்டும்போது பாறை தட்டியதால் விட்டுவிட்ட குழி. அப்படி விட்டால் ஒரு வாழைக்கன்றையாவது போட்டு மூடவேண்டும், இல்லாவிட்டால் அது ஆள் கேட்கும் என்பார்களே. மழை அவசரத்தில் மறந்திருக்கிறார்கள். மறுநாள் அழுகையில் யார் கண்ணிலும் படவில்லை. படத்தில் மட்டும் கன்னங்கரேலென்று தெரிகிறது.

நேற்று மாமாவிடம் காட்டினேன். என் வழுக்கையைத்தான் பயல் பளபளன்னு எடுத்திருக்கான் என்று சிரித்தவர், ஓரத்தைப் பார்த்ததும் படத்தை என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டார். இன்று காலை கன்றோடு போய் மூடிவிட்டு வந்தார். ஆனால் காய்ச்சல் திங்கட்கிழமையே வந்துவிட்டதே, அண்ணே.

இத்தனை புத்தகம் படித்தவள் நான். குழி வெறும் குழிதான் என்று தெரியும். அம்மா இருமும்போது அது தெரிய மாட்டேன் என்கிறது.

எஸ்டேட் மாத்திரைக்குக் காய்ச்சல் கேட்கவில்லை. கம்பத்துக்கு டாக்டரிடம் போகலாம் என்றால், மகன் வரட்டும், அவனோடு மலை இறங்குகிறேன் என்கிறாள். படம் வந்ததா என்று தினமும் கேட்கிறாள். புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

குழியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு உனக்கு அனுப்பலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். குழி போனால் அம்மாவும் போகிறாள். கை வரவில்லை. முழுப் படத்தையும் இதில் வைத்திருக்கிறேன். நீயும் வெட்டாதே.

படம் நேராக உனக்கே வந்ததாக அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். அதில் அவள் நன்றாக நிற்கிறாள் என்று இரண்டு வரி எழுது. உன் கையெழுத்தில் இருந்தால் நம்புவாள்.

எழுதிவிட்டு, எப்படியாவது கேட்டுப் புறப்பட்டு வா. முருகன் உன்னைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் தங்கை,
சந்தனம்