இருவருக்கும் நடுவில் வந்த பந்து

மார்ச் 3, செவ்வாய்

இடது கைச் சுண்டுவிரல் வீங்கிவிட்டது. நல்லவேளை, பேனா பிடிக்கிற கை இல்லை.

காலைப் பயிற்சியில் பந்து விரல் நுனியில் நேராகக் குத்தியது. விரல்களை விரித்து, சற்றே வளைத்து, ஒரு பாத்திரத்தை ஏந்தப்போவதுபோல வைத்துக்கொள்ள வேண்டும் என்று பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தாள். தெரியும். தெரிந்தும் குச்சிபோல நீட்டினேன். பந்து வருகிறது என்ற பயத்தில் விரல் விறைத்துக்கொள்கிறது. விறைத்த விரலில்தான் அடியும் படுகிறது.

எங்கள் அணியில் ஒருத்தி முன்பு மருந்துக்கடை வைத்திருந்தவள். மாத்திரை என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அவள்தான் ஐஸ் வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்துப் பட்டை ஒட்டினாள். "இனிமே ரெண்டும் மாமியார் மருமக மாதிரி. பிடிக்குதோ இல்லையோ ஒண்ணாத்தான் இருக்கணும்க்கா" என்றாள். சிரித்துவிட்டேன். வலித்தது.

மாலையில் மகன் வீடியோவில் வந்தான். கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டே பேசினேன். இந்த வயதில் பரீட்சையில் பிட் மறைக்கிறவள் மாதிரி.

என்ன செய்வது? என் கணவர் போனபிறகு மகன் என்னிடம் வாங்கிய ஒரே வாக்கு அது. "தனியா இருங்க, வேண்டாங்கல. ஆனா ஒரு தடவை விழுந்தீங்கன்னா, வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும்." சரி என்றேன். சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை நான். ஆகவே விழக் கூடாது.

விழாமல் நிற்கப் பழகத்தான் டாக்டர் இந்த மூத்த பெண்கள் வாலிபால் அணியில் சேரச் சொன்னார். அங்கேயே விழுந்தால்?

மார்ச் 5, வியாழன்

விரலைக் காட்டினேன். இன்று பந்தைத் தொடக் கூடாது, மற்றதெல்லாம் செய்யலாம் என்றாள் பயிற்சியாளர். வயதில் என் பாதிகூட இருக்க மாட்டாள். கண்டிப்பு மட்டும் என் அளவுக்கு இருக்கிறது. பிடித்திருக்கிறது.

முதலில் நடை, பிறகு கணுக்காலைச் சுழற்றுவது, தோளைச் சுழற்றுவது, பக்கத்திலிருப்பவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது. இதையெல்லாம் முடிக்காமல் பந்தைக் கண்ணில் காட்ட மாட்டாள். வலையை மார்பளவுக்கு இறக்கிக் கட்டியிருக்கிறாள், யாரும் குதிக்க வேண்டியதில்லை. "ஆர்வத்துல குதிச்சே தீருவேன்னா, ரெண்டு காலும் சேர்ந்து இறங்கணும். முழங்கால் மடங்கணும். இறங்கின சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது." வலைக்கு அடியில் நடுக்கோட்டைத் தாண்டிக் கால் போனால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். "அது கால் இல்லம்மா, எதிர்ல இருக்கறவங்களுக்கு நீங்க வைக்கிற பொறி. அவங்க அதுமேல இறங்கினா கணுக்கால் போச்சு."

விழும் விதமும் சொல்லிக்கொடுத்தாள். கையை ஊன்றக் கூடாதாம். முழங்காலை மடக்கி, உட்காரப்போவதுபோலத் தாழ்ந்து, பக்கவாட்டில் உருள வேண்டும். பாயில் செய்து பார்த்தோம். பாயில் விழுந்ததெல்லாம் விழுந்த கணக்கில் வராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

இத்தனையும் சரி. ஒன்றுதான் எனக்கு ஒத்துவரவில்லை. இருவருக்கும் நடுவில் பந்து வந்தால், எடுக்கப்போகிறவள் "என்னோடது!" என்று கத்த வேண்டுமாம்.

கத்துவதா?

கான்வென்டில் சிஸ்டர் சொல்லுவார், பெண்ணின் குரல் அறை வாசலைத் தாண்டக் கூடாது என்று. பிறகு தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக ஓய்வுபெறும்வரை அதே பழக்கம்தான். கணவருடனான சண்டைகளைக்கூடத் தாழ்ந்த குரலில்தான் ஜெயித்தேன்.

பந்து இல்லாமல் கத்திப் பழகியதில் என் முறை வந்தபோது "என்னுடையது" என்றேன். மாத்திரை விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னக்கா இது, உயில் வாசிக்கிற மாதிரி!"

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "மரியாதையெல்லாம் கோட்டுக்கு வெளியில வச்சிட்டு வாங்க. இங்க நீங்க எடுங்க, நீங்க எடுங்கன்னு உபசாரம் பண்ணித்தான் பாதிப்பேருக்கு அடிபடுது."

மார்ச் 10, செவ்வாய்

விரல் மடங்குகிறது. நகங்களை ஒட்ட வெட்டினேன்.

மார்ச் 12, வியாழன்

இன்றே எழுதிவிடுகிறேன்.

பந்து எனக்கும் மாத்திரைக்கும் நடுவில் வந்தது. உயரமாக, மெதுவாக. அவள் என்னைப் பார்த்து "நீங்க எடுங்கக்கா" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. கையால், முதலில் உள்ளே போங்கள் என்பதுபோல, அவளுக்கு வழிவிட்டேன். இருவரும் நின்றோம். பந்து இறங்கியது. அப்புறம் இருவருமே பாய்ந்தோம்.

என் தோள் அவளைத் தள்ளியது. அவள் கையை ஊன்றி விழுந்தாள். சாக்கட்டி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவு சின்ன சத்தம்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு ஒன்றுமில்லை.

முதலில் என் மனதில் வந்தது என்ன? நான் விழவில்லை என்பதுதான். ஐயோ. அவள் தரையில் கிடக்கிறாள், எனக்கு அதுதான் தோன்றியது.

மார்ச் 13, வெள்ளி

மணிக்கட்டு எலும்பு விரிசல். முழங்கைவரை மாவுக்கட்டு. பழம் வாங்கிக்கொண்டு போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை அவள் சொல்லவே விடவில்லை.

"ஊன்றாதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா அந்தப் பொண்ணு. நான் ஊன்றினேன். விடுங்கக்கா. எல்லா டப்பா மூடியும் இனி இவர்தான் திறக்கணும்" என்று கணவரைக் காட்டினாள். அவர் எனக்குக் காப்பி கொண்டுவந்தார், சர்க்கரை போடாமல். குடித்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். தலை வலிக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

இன்றும் போகவில்லை. வீட்டிலேயே எங்கு பார்த்தாலும் பள்ளம்போல இருக்கிறது. வாசல் மிதியடியின் ஓரம் சுருண்டிருக்கிறது, எடுத்துப் போட்டுவிட்டேன். மாடிப்படியில் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினேன். கீழ்வீட்டில் தையல் கடை வைத்திருக்கிற பெண் நிமிர்ந்து பார்த்து "உடம்பு சரியில்லையாம்மா?" என்றாள். என்னிடம் ஒரு சாவி, அவளிடம் ஒரு சாவி. அவசரத்துக்கு என்று மகன் செய்துவிட்டுப் போன ஏற்பாடு. நன்றாக இருக்கிறேன் என்றேன்.

நன்றாகத்தான் இருக்கிறேன். பயம் ஒரு நோயா என்ன?

மார்ச் 22, ஞாயிறு

மாத்திரை கட்டுப்போட்ட கையோடு படியேறி வந்துவிட்டாள். சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "கத்துங்க" என்றாள்.

"எதுக்கு?"

"எனக்கு இந்தக் கட்டைப் பிரிச்சதும் உங்க பக்கத்துலதான் நிக்கப்போறேன். நீங்க வாய் திறக்கலன்னா எனக்கு இன்னொரு கையும் போயிடும். கத்துங்கக்கா."

ஜன்னலைச் சாத்தினேன். "என்னோடது" என்றேன்.

"ரயில் ஸ்டேஷன்ல பெட்டி தொலைச்சவங்ககூட இதைவிடச் சத்தமாக் கேப்பாங்க."

மறுபடி சொன்னேன். அதே குரல்தான் வந்தது. மூன்றாம் தடவை முயன்றபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, என்ன அவமானம். அவள் கவனிக்காத மாதிரி மாவுக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

படுக்கையிலிருந்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை குளியலறையில் விழுந்தேன். எழுதியாகிவிட்டது. விழுந்தேன்.

சோப்பு நுரையில் வலது கால் நழுவியது. கை தன்னால் சுவரைத் தேடியது, பிடிக்க எதுவும் இல்லை, வழவழப்பான ஓடு. அடுத்து அந்தக் கை தரையை ஊன்றப் போனது. அந்தச் சாக்கட்டிச் சத்தம் காதில் கேட்டது. கையை மார்போடு மடக்கிக்கொண்டேன். முழங்காலை மடக்கினேன். தாழ்ந்தேன், பக்கவாட்டில் உருண்டேன். இடுப்பு ஓரமாகத் தரையில் மோதியது. தலை படவில்லை.

எழ முயன்றேன். கணுக்கால் திரும்பியிருந்தது, ஊன்ற முடியவில்லை. தரை ஈரம். நானும் ஈரம். கொடியிலிருந்த துண்டை மட்டும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன். போன் கூடத்தில்.

"யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டேன். தொலைபேசி நிலையக் குரல்தான் வந்தது. கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. திரும்ப ஓடியது. இப்படியே கிடந்தால் என்ன ஆகும்? குளிரில் பல் அடித்துக்கொண்டது. இந்தக் கோலத்தில் யாரும் பார்க்கக் கூடாது என்று ஒரு பக்கம், யாரும் பார்க்காமலே போய்விடுவேனோ என்று ஒரு பக்கம். "மனுஷி சாகப் பாக்குறா, கௌரவம் பாத்துக்கிட்டுக் கெடக்குறா!" என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மெஷின் மறுபடி நின்றபோது கத்தினேன். வேறு சொல் எதுவும் வரவில்லை. அந்த ஒரு சொல்தான் தொண்டையில் காத்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

"என்னோடது!"

சுவரெல்லாம் அதிர்ந்தது. மறுபடி கத்தினேன். மறுபடி.

படியில் ஓட்டம், சாவிச் சத்தம். தையற்காரி கையில் பெரிய கத்தரிக்கோலோடு உள்ளே வந்து நின்றாள். "யாரும்மா? எதை எடுத்துட்டுப் போனான்?" என்றாள். திருடன் என்று நினைத்திருக்கிறாள். தரையில் கிடந்தபடியே சிரிப்பு வந்தது எனக்கு. சிரித்துக்கொண்டே அழுதேன். அவள் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கினாள்.

எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. கணுக்கால் சுளுக்கு, இடுப்பில் நீலம். "கையை ஊன்றாம விழுந்தது உங்க அதிர்ஷ்டம்" என்றார் டாக்டர். அதிர்ஷ்டம் இல்லை, பாயில் பழகியது என்று திருத்தினேன்.

மார்ச் 25, புதன்

யாருக்கும் தெரியாது. தையற்காரி சொல்ல மாட்டாள், கேட்டுக்கொண்டால். கணுக்கால் வீடியோவில் தெரியாது.

ஆனாலும் மகனுக்குச் சொல்லிவிட்டேன். வாக்கு வாக்குதான். "வர்றேன்மா" என்றான்.

தையற்காரியை விட்டுப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். திறக்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

வந்துவிட்டான். என் அறையை, சமையலறையை, குளியலறையைத் தனித்தனியாகச் சுற்றிப் பார்த்தான். குளியலறைச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தான். திரும்பிப் போக எடுத்தது இரண்டு டிக்கெட்டா ஒன்றா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 9, வியாழன்

கணுக்கால் உறை போட்டுக்கொண்டு வரலாம், நின்ற இடத்தில் ஆடலாம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாள். மகன் கூட வந்தான். பெஞ்சில் மாத்திரையின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவனிடம் என்னென்ன சொன்னாளோ.

பந்து வந்தது, எனக்கும் புதிதாக வந்த ஒருத்திக்கும் நடுவில். உயரமாக, மெதுவாக, அன்றைக்கு வந்த மாதிரியே. அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க —" என்று ஆரம்பித்தாள்.

"என்னோடது!"

அவள் அங்கேயே நின்றாள். எடுத்தேன். பந்து வலையில் போய் மாட்டிக்கொண்டது, அது வேறு விஷயம்.

திரும்பி வரும் வழியில் மகன், "உங்களுக்கு இவ்ளோ சத்தம் வருமாம்மா? எனக்குத் தெரியவே தெரியாது" என்றான்.

ஏப்ரல் 10, வெள்ளி

காலை முழுக்கக் குளியலறையில் துளை போடும் சத்தம். சுவரில் இரண்டு இடத்தில் பிடிமானக் கம்பி பொருத்தினான். ஒன்று சற்றுக் கோணல். சொல்லவில்லை. தரைக்கு ரப்பர் விரிப்பு. என் எடை முழுவதையும் போட்டுத் தொங்கிப் பார்க்கச் சொன்னான். தொங்கினேன், அசையவில்லை.

மாலை வண்டிக்கு ஒற்றை டிக்கெட்டோடு கிளம்பினான். பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

ஏப்ரல் 11, சனி

தொண்டை கட்டிவிட்டது. உப்புப் போட்டு வெந்நீரில் கொப்பளித்தேன்.