வட்டத்தின் உச்சியில் இருந்த பெயர்

அனுப்புநர்
தமேஸோ நிஷிவாகி (வயது 74),
நுகுமிசாவா கிராமம்.

பெறுநர்
காவல்துறைத் தலைவர் அவர்கள்,
மாகாணக் காவல் தலைமையகம்.

பொருள்: குற்றமற்ற யசாகுவை விடுவிக்கவும், குற்றம் செய்தவனைக் கைது செய்யவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. உங்கள் ஆய்வாளர் எங்கள் மனுவைத் தமக்குத் தோன்றிய பக்கம் திருப்பிச் சுவரில் மாட்டி, உச்சியில் தெரிந்த பெயருக்குரியவரைக் கலகத் தலைவர் என்று பிடித்துப் போனார். தேனீ வளர்க்கும் யசாகு நாற்பத்தேழு நாளாகக் காவலில் இருக்கிறார்.

2. அது எங்கள் பன்னிரண்டாவது மனு. அணை வந்தால் எங்கள் நாற்பத்து மூன்று வீடுகளும் மூழ்கும். முந்தைய பதினொன்றுக்கு மூன்றாண்டுகளில் ஒரு வரிப் பதில் இல்லை. ஆகவே முன்னோர் செய்தபடி பெயர்களை வட்டமாக எழுதி முத்திரை வைத்தோம். யார் முதல், யார் கடைசி என்று எவரும் சொல்ல முடியாது. வட்டத்துக்கு உச்சி கிடையாது. உங்கள் ஆய்வாளர் ஒன்றை உண்டாக்கினார்.

3. யசாகுவைப் பிடித்துப் போன அன்று மாலையே ஊர்க்கூட்டத்தில் மனுவின் நகலைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்கள். "நல்லாப் பாருங்கப்பா, எம் பேரு அடியிலதான் இருக்கு" என்றார் ஒருவர். "உம் பேரு என்னிக்குமே அடியிலதானய்யா" என்று இன்னொருவர் சிரித்தார். யசாகுவின் மனைவி அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

4. ஆறாம் நாள் என் தம்பி மகன் ஷின்பெய், அணைக்கான நில அளவைக் கொட்டகைமீது பெட்ரோல் பாட்டிலை வீசினான். காவலாளி முராவோக்காவின் இரு கைகளும் வெந்தன. அவர் பக்கத்து ஊர்க்காரர்; அவர் வயலும் அதே நீரில்தான் மூழ்கும். அன்று பிற்பகலே அதிகாரிகள் ஏழு வண்டிகளில் வந்தார்கள். "பாத்தீங்களா பெரியப்பா, உங்க பன்னெண்டு மனுவுக்கு வராதவன் எம் பாட்டில் ஒண்ணுக்கு ஓடி வர்றான்" என்றான். அதைப் பொய்யாக்க வேண்டியவர்கள் நீங்கள். மெய்யாக்கினீர்கள். மருத்துவமனையில் வெந்த தோலின் நாற்றத்தை நான் முகர்ந்தேன். நீங்களும் முகரவில்லை, அவனும் முகரவில்லை.

5. வட்டத்தில் முதலில் பெயர் எழுதியவன் நான். மிஞ்சிய இடைவெளியில் கடைசியாக எழுதியவர் யசாகு. கூட்டத்தில் இதைச் சொல்லாமல் வாய்மூடி இருந்தேன். அது கோழைத்தனம்.

ஆகவே செய்ய வேண்டியவை:

ஆய்வாளர் யசாகுவைத் தாமே வீடுவரை அழைத்து வந்து, அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஷின்பெயைத் தாங்கள் கைது செய்ய வேண்டும். என் வீட்டில்தான் இருக்கிறான், மறைக்க மாட்டேன்.

அணை அலுவலகத் தலைவர் முராவோக்காவை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பிறகு பன்னிரண்டு மனுக்களுக்கும் பதில் எழுத வேண்டும்.

தலைவர் என்று ஒருவர் வேண்டுமானால் என்னை அழைத்துப் போகவும். இந்த மனுவை எந்தப் பக்கம் திருப்பினாலும் இதில் ஒரே பெயர்தான்.

இடம்: நுகுமிசாவா
நாள்: 20.5.1971

தமேஸோ நிஷிவாகி
(கையொப்பமும் முத்திரையும்)