உனக்காகத் தோற்ற அணி

டொலீடோ,
ஜூன் கடைசி ஞாயிறு

என் ரஷாத்துக்கு அம்மா எழுதுவது. அப்பா, நான், உன் அக்கா ஷனிஸ், அவள் பெற்ற இரண்டு வால்கள் எல்லோரும் கடவுள் தயவில் சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அங்கே ஜப்பானில் நேரத்துக்குச் சாப்பிட்டு, முழங்காலுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாமல் செய்து, தெம்பாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உப்பைக் குறைத்தேன், முனகிக்கொண்டே சாப்பிடுகிறார். ஷனிஸின் சின்னவன் முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் காற்றுதான் வருகிறது. பல் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார், வரவேற்பு மேஜையில் நான் இல்லாவிட்டால் பாதிப் பேர் பயந்து வாசலோடு திரும்பிவிடுவார்களாம்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய் கண்ணே, அதனால்தான். நம் ஊர் கூடைப்பந்து அணி கோப்பையை வென்ற மறுநாள் காலை நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாய். வெற்றியைப் பற்றிச் சிரித்துப் பேசப் போகிறாய் என்று நினைத்து எடுத்தேன். நீ "அம்மா, நான் அவங்களுக்கு எதுக்காவது பயன்பட்டேனா?" என்று கேட்டாய். நான் போனை அப்பாவிடம் நீட்டினேன். அவர் யோசிக்காமல் "பின்ன இல்லாம? உன்னை வெச்சுத்தானேடா எல்லாமே" என்றார். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நாம் பேசியதெல்லாம் அங்கே பெய்யும் மழையையும் நீ வாங்கின மீனையும் பற்றித்தான். உன் சீசன் முடிந்து எத்தனையோ நாளாகிறது, ஊருக்கு வருவதைப் பற்றி வாயே திறக்க மாட்டேன் என்கிறாய். முழங்காலுக்குச் சிகிச்சை என்கிறாய், நானும் நம்பியதாகக் காட்டிக்கொள்கிறேன். அதனால் நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதிலை எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

நீ பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்திலும் அப்புறம் கல்லூரியின் முதல் வருஷத்திலும் இருந்த அந்த இரண்டு குளிர்காலம் இந்த ஊர் எப்படி இருந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். மேலாளர் ஹோல்கம் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் விற்றுவிட்டார். பேர் தெரியாத பையன்களைக் கொண்டுவந்து நிறுத்தினார், கொஞ்சம் கால் வலி என்றாலே உட்காரவைத்தார். கடைசியில் நிற்கிற அணிக்குத்தான் புதுப் பையன்களில் முதல் ஆளை எடுக்கிற வாய்ப்பு அதிகம் என்று நான் சர்ச்சில் ஒடெஸாவுக்கு விளக்கியபோது அவள், "தோத்தவனுக்குப் பரிசு குடுக்கற ஆட்டத்தை எவன்டி கண்டுபிடிச்சான்?" என்று கேட்டாள், இன்றுவரை அவளுக்குப் புரியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் பஞ்சை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்கூட "நேத்தும் தோத்தாச்சு, நல்லதுதான், அந்த ஹோலிஸ் பையன் நமக்குத்தான்" என்பார்கள். நான்தான் அந்த ஹோலிஸ் பையனின் அம்மா என்று தெரியாமலே என்னிடம் சொல்வார்கள். நான் சிரித்துக்கொண்டே ரசீது எழுதுவேன். உள்ளுக்குள் பெருமை ஒரு பக்கம், ஊரே தோற்றுக் காத்திருக்கும் அளவுக்கு என் பிள்ளை என்ன செய்துவிட முடியும் என்ற கலக்கம் ஒரு பக்கம். அப்போது உனக்குத் தாடிகூட ஒழுங்காக முளைக்கவில்லை.

மே மாதம் எண் எழுதின பந்துகளைக் குலுக்கி எடுத்தபோது நம் ஊர் பேர் முதலில் வந்தது, தெருவே ஹாரன் அடித்தது, அப்பா வாசலில் நின்று அழுதார், இதெல்லாம் நீ பார்த்தது. அப்புறம் நடந்ததையும் நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது சீசனில் முழங்கால், தேறி வந்ததும் மூன்றாவது சீசனில் அதே முழங்கால். நீ நொண்டிக்கொண்டு வெளியே போன அன்று கீழ் வரிசையில் ஒரு செந்தாடிக்காரன் அட்டையில் "இவனுக்காகவா இத்தனை தோல்வி" என்று எழுதித் தூக்கிப் பிடித்தான். நாங்கள் மேலே உட்கார்ந்திருந்தோம். அப்பா அந்த முகத்தை மனப்பாடம் செய்துவிட்டார். அந்தக் கோடையில் உன்னை மேற்கே ஒரு அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அந்த நெட்டை ஆள் இவோ டாம்ரோவை வாங்கினார்கள். மேற்கே இருந்தவர்களும் இரண்டு வருஷத்தில் உன்னை விட்டுவிட, நீ ஜப்பானுக்குப் போனாய். இந்த வருஷம் கடைசி ஆட்டத்தில் கடைசிப் பந்தைப் பிடித்து வெற்றியை உறுதி செய்தது டாம்ரோதான்.

இதை வைத்துத்தான் அப்பாவின் கணக்கு. தோற்றதால் நீ வந்தாய், உன்னைக் கொடுத்ததால் டாம்ரோ வந்தான், டாம்ரோவால் கோப்பை வந்தது, ஆக நீதான் காரணம் என்கிறார். "அப்படீன்னா நம்ம பையன் மாத்திக் குடுக்கற சில்லறையா, கர்ட்டிஸ்?" என்று கேட்டேன். நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். வேலை போய் ஊரை விட்டே போன ஹோல்கமும் இப்போது டிவியில் வந்து, அன்றைக்குத் தான் போட்ட திட்டம் இன்றைக்குப் பலித்தது என்கிறார். எனக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் கண் இருக்கிறதே. இப்போது ஆடுகிற ஐந்து பேரில் ஒருவனை எந்த அணியும் எடுக்கவே இல்லை, தானாக வந்து கதவைத் தட்டினவன். இன்னும் இரண்டு பேர் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் எடுக்கப்பட்டவர்கள், தோற்காமலே அவர்களை எடுத்திருக்கலாம். தெற்கே ஒரு அணி நம்மைவிட அதிக வருஷம் வேண்டுமென்றே தோற்றது, குலுக்கலில் பந்து விழவே இல்லை, இன்னமும் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். இப்போது நிறுத்த நினைத்தாலும் முடியவில்லையாம். டிவியில் ஹோல்கமிடம் அவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வெற்றி ஊர்வலத்துக்குப் போவதில்லை என்று அப்பாவும் நானும் பேசி வைத்திருந்தோம். ஆனால் டெப்போவில் அணியின் வேலைக்காரர்களையும் குடும்பங்களையும் ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்ட அப்பாவின் பேரைப் போட்டுவிட்டார்கள். அவர் யாரிடமாவது மாற்றிக்கொள்ளப் பார்த்தார், யாரும் கிடைக்கவில்லை. தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். சம்மிட் தெருவில் கூட்டம் அடைத்து பஸ் நகரவில்லையாம். ஓட்டுநர் ஜன்னலுக்கு நேரே, தோளில் ஒரு சின்னப் பெண்ணை உட்காரவைத்துக்கொண்டு நின்றது யார் என்று நினைக்கிறாய், அதே செந்தாடிக்காரன். அவன் இவரை நேராகப் பார்த்து, "அண்ணே, ஒரே ஒரு தடவை ஹாரன் அடிங்களேன், பாப்பா கேக்கணுமாம்" என்றானாம். அப்பா ஒரு நிமிஷம் கையை ஹாரன் மேலே வைத்துக்கொண்டே இருந்துவிட்டு அடித்தார். குழந்தை காதைப் பொத்திக்கொண்டு சிரித்து, இன்னொரு தடவை என்றது, இன்னொரு தடவையும் அடித்தார். வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "வெர்லீன், அவனுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. நான்தான் அந்த மூஞ்சியை இத்தனை வருஷமா சுமந்துக்கிட்டுத் திரியறேன்" என்றார். அன்றைக்கு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரஷாத், உன்னை யார் யாரெல்லாம் ஏசினார்கள் என்று நீ அங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தால், அவர்கள் இங்கே பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டார்கள் என்று சொல்லத்தான் இதை எழுதினேன்.

போன ஞாயிறு வென்டல் ப்ரைஸ் வீட்டுக்கு வந்தான். அந்தத் தோற்ற காலத்திலிருந்து இன்னும் அணியில் இருப்பவன் அவன் ஒருவன்தான். இப்போது பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான், தலையில் நரை வந்துவிட்டது. கெளுத்தி மீன் வறுத்து, கீரையும் சோளரொட்டியும் செய்திருந்தேன். பீச் பழ இனிப்பைத் தட்டோடு வழித்துவிட்டான். சாப்பிட்டு முடித்ததும் நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன், வேண்டுமென்றே தோற்றீர்களே, அது கோப்பைக்கு உதவியதா என்று. அவன் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, தோக்கறதுக்குன்னே எங்களை வேலைக்கு எடுத்தாங்க, அது உண்மை. ஆனா களத்துல இறங்கினவன் ஒருத்தன்கூட தோக்கணும்னு ஆடலை. முடியலை, அவ்வளவுதான். முடியாம முடியாம அது பழகிப்போச்சு. தோத்துட்டு வந்து பாட்டைப் போட்டுட்டுக் குளிப்போம், ராத்திரி எங்கே சாப்பிடலாம்னு பேசுவோம்" என்றான்.

அப்புறம் உன்னைப் பற்றிச் சொன்னான். நீ வந்த முதல் மாதம் ஒரு ஆட்டம் மோசமாகத் தோற்றீர்களாம். எல்லோரும் வழக்கம்போல உடை மாற்றும் அறையில் பாட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது நீ சட்டையைக் கழற்றாமல், குளிக்கப் போகாமல், தரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாயாம். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். வென்டல் வந்து "டேய் குட்டிப்பையா, போய்க் குளிடா, பஸ் கிளம்பிடும்" என்றதற்கு, "இல்லண்ணே, எனக்கு இன்னும் தோத்தது முடியலை" என்றாயாம். அவன் போய்ப் பாட்டை நிறுத்திவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தானாம். அடுத்த தோல்வியில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்ததில் எல்லோரும். "இப்பவும் தோத்தா யாரும் பாட்டுப் போட மாட்டாங்கம்மா. கொஞ்ச நேரம் சும்மா உக்காருவோம். இந்தப் புதுப் பசங்களுக்கு இதை யாரு ஆரம்பிச்சதுன்னே தெரியாது. அந்தத் தெற்கத்தி டீம்ல ஆடிட்டு வந்த பையன் ஒருத்தன் முதல் தடவை பார்த்து மிரண்டுட்டான், யாராச்சும் செத்துட்டாங்களான்னு கேட்டான்" என்று சொல்லிச் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து போய் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

வென்டல் நல்லவன், சாப்பிட்ட வீட்டில் நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கலாம், அதனால் இதை முழுக்க நம்பு என்று நான் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் நீ எட்டு வயதில் செக்கர்ஸ் ஆட்டத்தில் என்னிடம் தோற்றுவிட்டுப் பலகையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவன், அதனால் நான் நம்புகிறேன்.

இப்போது என் பதிலைக் கேள், இது வேறு. ஒடெஸாவின் மகன் பட்டாளத்தில் சேர்ந்து கொரியாவுக்குப் போனான். நம் தெருவில் நன்றாகப் படித்த பிள்ளைகள் எல்லாம் கலிபோர்னியா, டெக்சாஸ் என்று போய்விட்டார்கள். உன்னையும் யாராவது நாட்டின் ஏதோ ஒரு மூலைக்குத்தான் கொண்டுபோவார்கள் என்று நான் மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு அணி இரண்டு வருஷம் தோற்று, ஒரு மேலாளர் கெட்ட பேர் வாங்கி, ஒரு பந்து சரியான நேரத்தில் விழுந்து, என் பிள்ளை என் ஊரிலேயே வந்து சேர்ந்தான். ஞாயிறு தவறாமல் என் மேஜையில் சாப்பிட்டாய். முழங்கால் அறுவை முடிந்து படியேற முடியாமல் கூடத்தில் உனக்குக் கட்டில் போட்டோமே, அந்தக் குளிர்காலம் முழுவதும் நீயும் நானும் மத்தியானம் டிவியில் கேள்வி பதில் நிகழ்ச்சி பார்த்து, யார் முதலில் சொல்வது என்று சண்டை போட்டோம். நீ வலியில் இருந்தாய், எனக்குத் தெரியும், அதற்காக நான் எத்தனையோ முறை குளியலறையில் அழுதிருக்கிறேன். ஆனாலும் பத்தொன்பது வயதில் கிளம்பிப்போக வேண்டிய பிள்ளையைக் கடவுள் இன்னும் மூன்று வருஷம் என்னிடம் விட்டுவைத்தார். தோற்பது கோப்பையைக் கொண்டுவருமா என்று ஹோல்கமும் அப்பாவும் பேசிக்கொள்ளட்டும். எனக்கு அது உன்னைக் கொண்டுவந்தது. இந்த ஊரில் அந்தத் தோல்விகளுக்கு நன்றி சொல்லிப் பிரார்த்தனை செய்த ஒரே ஆள் நான்தான், இன்றைக்கும் செய்கிறேன். நீ கேட்டது அவர்களுக்குப் பயன்பட்டாயா என்று. எனக்குப் பயன்பட்டாய் மகனே. நடந்தாய், படுத்தாய், சிடுசிடுத்தாய், எல்லாமே எனக்குப் பயன்பட்டது.

அக்டோபரில் புது சீசனின் முதல் ஆட்டத்தன்று பழைய ஆட்டக்காரர்களையும் கூப்பிடப் போகிறார்களாம், உன்னையும் கூப்பிடுவார்கள் என்று வென்டல் சொன்னான். அதற்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஜூலையில் சும்மா ஒரு தடவை வந்துவிட்டுப் போ. ஷனிஸின் பிள்ளைகளுக்கு நீ டிவியில் இருக்கிற மாமா என்றே நினைப்பு, நேரில் பார்த்தால் உயரத்தைக் கண்டு அழுதாலும் அழுவார்கள். கடவுள் உன் காலுக்குப் பலமும் தூக்கத்துக்கு நிம்மதியும் தரட்டும், நீ போகும் இடமெல்லாம் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு நல்ல மனுஷன் இருக்கட்டும். முழங்காலுக்கு ஐஸ் வைக்க மறக்காதே, மழையில் நனைந்த ஷூவோடு உட்காராதே. விமானச் சீட்டு எடுத்ததும் எனக்குச் சொல்லாதே, முதலில் அப்பாவுக்குப் போன் செய். டெட்ராய்ட் விமான நிலையத்துக்கு அவர்தான் வருவார், நீ வருகிற செய்தியை அவர் வாயால் நான் கேட்க வேண்டும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
வெர்லீன் ஹோலிஸ்