தங்கூசியால் கட்டிய வயர்

அன்பான பிலோவின் அப்பாவுக்கு,

"மாமி, விளக்கு எரியுதே, பிறகேன் பிரேக் பிடிக்கேல்லை?" போன கிழமை நம் மருமகன் யூட் என்னிடம் கேட்ட கேள்வி இது. விஞ்ஞானம் படிப்பித்தவள் என்பதால் கேட்டான். பதில் உங்களிடம் இருந்தது. நீங்களோ கல்லறையில் படுத்திருக்கிறீர்கள்.

உங்கள் பழைய லொறியில் கருவாடு ஏற்றிக்கொண்டு அவன் முதன்முதலாக அட்டன் பக்கம் போனான். இறக்கத்தில், புகைக்குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிரேக்கின் சுவிட்சைப் போட்டிருக்கிறான். முன்பலகையில் அதன் விளக்கு எரிந்தது, வேகம் குறையவில்லை. கால் பிரேக்கையே மிதித்து மிதித்து அது சூடேறி, கருகி, கடைசியில் பிடிக்காமலே போய்விட்டது. மண்மேட்டோடு லொறியை உரசி நிறுத்தியிருக்கிறான். இடப்பக்கக் கதவு இல்லை. அவன் இருக்கிறான்.

வயிற்றில் பிள்ளையோடு நிற்கிற உங்கள் மகள், "அப்பாவின்ரை லொறியிலை இனி ஏறினால் வீட்டுக்கு வராதேங்கோ" என்று அவனிடம் சொல்லிவிட்டாள். ஆனால் அடுத்த கருவாட்டு லோட் காத்திருக்கிறது. வேறு தொழிலும் இல்லை.

முற்றத்தில் லொறியை நிறுத்தி, கரண்ட் வருகிறதா என்று பார்க்கச் சிறிய பல்ப் ஒன்றில் இரண்டு வயர் பூட்டி அவன் கையில் கொடுத்தேன். கரண்ட் போகிற வழியே நாங்களும் போனோம்.

"சுவிட்சிலை இருக்கு மாமி."

"அக்சிலேற்றர் சுவிட்ச்?"

"இருக்கு."

"கிளச் சுவிட்ச்?"

கிளச் மிதிக்குக் கீழே குனிந்தான். பிறகு கீழேயிருந்து சொன்னான்: "மாமி, இதுக்கு வயரே வரேல்லை. வெட்டி, மடிச்சு, தங்கூசியாலை கட்டிக் கிடக்கு."

வயரைத் தூண்டில் நைலோனால் கட்டுகிற ஆள் இந்த மன்னார்த் தீவில் வேறு யார்? விளக்குக்கு மட்டும் சுவிட்சிலிருந்து நேரே ஒரு சிவப்பு வயர் இழுத்திருந்தீர்கள். வகுப்பில் இடாப்புப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது, வராத பிள்ளைக்காகப் பக்கத்துப் பிள்ளை "வந்திருக்கிறன் ரீச்சர்" என்று குரல் கொடுக்குமே, அதே வேலை.

ஏன் வெட்டினீர்கள் என்று விளங்குகிறது. மீன் பெட்டியின் உப்புத்தண்ணீர் கிளச் சுவிட்சை இறுக்கிவிட்டது. கிளச்சை மிதித்தாலும் எஞ்சின் பிரேக் விடாது, கியர் மாற்றும்போது எஞ்சின் நின்றுபோகும். மன்னாரில் இறக்கம் ஏது? வெட்டினால் எஞ்சின் பிரேக்கே வேலை செய்யாது, தொல்லை தீர்ந்தது. மலையிலோ சின்னக் கியரிலேயே இறங்கப் பழகியிருந்தீர்கள். அது சரி. விளக்கை ஏன் எரியவிட்டீர்கள்?

எனக்காக. நீங்கள் மலைக்குப் போகும்போதெல்லாம் நான் வாசல் படலையடியில் நின்று, "எஞ்சின் பிரேக் வேலை செய்யுதோ?" என்று கேட்பேன். சுவிட்சைப் போட்டு விளக்கைக் காட்டுவீர்கள். "பார்த்தியோ ரீச்சர், எரியுது. இனிப் போய்த் தேத்தண்ணியைக் குடி." நானும் நம்பிக்கொண்டு உள்ளே போவேன். அந்த விளக்கை நம்பித்தான் யூட்டும் போனான். நோயில் படுத்திருந்த காலத்திலாவது அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா?

உங்களை நினைத்து அழுத கண்ணீரெல்லாம் இப்போது எனக்கு நட்டமாகத் தெரிகிறது.

புதிய கிளச் சுவிட்ச் வாங்கிப் பூட்டினோம். வெட்டிய வயரைச் சேர்த்தோம். ஏர்த் வயர் சட்டகத்தில் தொடும் இடத்தில் துரு கட்டியிருந்தது, அதையும் சுரண்டினோம். சுவிட்சைப் போட்டதும் புகைக்குழாயில் இருக்கும் தண்டு 'சடக்' என்று இழுபட்டு, எஞ்சின் சத்தம் அடைத்தது. கிளச்சை மிதிக்க விட்டது.

"மாமாவுக்குக் கேட்டிருக்கும்" என்று யூட் சிரித்தான்.

"நல்லாக் கேட்கட்டும்" என்றாள் பிலோ. அவள் சிரிக்கவில்லை. ஆனால் அவனுடைய சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இவன் மலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நானே குனிந்து லொறிக்குக் கீழே பார்ப்பேன். முழங்கால் நோகும்போதெல்லாம் உங்களைத் திட்டுவேன். உங்கள் நினைவு ஆண்டுத் திருப்பலிக்கு வருவேன், மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

இதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். வாசிக்கும் லொறிக்காரருக்கு: சில்லுக்குக் கல் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரைச் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள், நீங்கள் வெளியே நின்று குனிந்து, அந்தத் தண்டு அசைகிறதா என்று பாருங்கள்.

இன்னமும் உங்கள் மனைவிதான்,
பிலோவின் அம்மா