கால் மரத்துப் போனவன்

ஹிமி
அக்டோபர் 14

தம்பி கென்சாகுவுக்கு,

கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும் என்று அம்மா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மலையில் இலைகள் சிவந்துவிட்டன என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கோபத்தில் வரவில்லை. அடுத்த கடிதம் என்று ஒன்று இருந்தால் அதில் சேர்த்து எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருஷமாக நமக்குள் புத்தாண்டு அட்டை மட்டும்தான். அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே நீயும் ஒரு வரி எழுதியதில்லை, நானும் எழுதியதில்லை. அதனால் இந்த உறையைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ என்று பயந்துவிடாதே. எல்லோரும் நலம். நம் குளியல்கடையும் நலம். கொதிகலன் மட்டும் இருமுகிறது.

உன் அனிமே தொடரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வருகிறதே, 'வெந்நீர் வீடு'. மீன் சந்தை மிசுஹாஷி அண்ணன் குளித்துவிட்டு வந்து முன்கூடத்து டிவியில் அதைப் போட்டார். "தோமொயே, இது உங்க கடைதானே? அந்தச் சிடுமூஞ்சி அக்கா நீதானே?" என்றார். கடலோர ஊர், பொதுக் குளியல்கடை, கண்டிப்பான அம்மா, எதையாவது தட்டிவிட்டு விழுகிற தம்பி. நான் இல்லையென்று எப்படிச் சொல்வது?

நேற்றைய பகுதியில் அந்த அம்மா மருத்துவமனைச் சீட்டை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைக்கிறாள். நான் கைக்குட்டையைத் தேடுவதற்குள் தம்பிக்காரன் முகம் கொழுக்கட்டை மாதிரி சுருங்கி, நெற்றியில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு வியர்வைத் துளி, பின்னால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். சிவபூஜையில் கரடி. ஒன்று அழ விடு, இல்லையென்றால் சிரிக்க விடு. பார்க்கிறவர்களை இப்படி இரண்டுங்கெட்டானாக விடாதே.

பத்தாம் வாரம் அந்த அம்மா இறந்துவிடுவாள் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறதாம். இறுதிச் சடங்கும் காட்டுவாய். அதில் என்ன வைப்பாய் என்று எனக்குத் தெரியும். அதைப் போடாதே. உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

அக்கா
தோமொயே


டோக்கியோ
அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை நின்றபடியே படித்தேன். நான் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நம் குடும்பத்துக்கே தெரியும்.

நீ சொன்ன குறையைத்தான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் இயக்குநர் ஹொசுமி, முப்பத்து நாலு வயதுப் பெண், வாய் உன்னை மாதிரி. போன வாரம் எல்லோர் முன்னாலும், "சார், இது ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம். மாடியில எழவு, கீழே கூத்து. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இதுல நான் எந்த வீட்டுக் கதவைத் தட்டுறது?" என்று கேட்டாள். பார்வையாளர்களிலும் பாதிப் பேர் சிரிப்பை எடு என்கிறார்கள், மீதிப் பேர் அழுகையை எடு என்கிறார்கள். இரண்டையும் எடுத்தால் கொதிகலன்தான் மிஞ்சும்.

உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். இருபத்தைந்து வருஷமாகச் சிரிப்பு எழுதியே பிழைத்தவன் நான். அழுகைக் காட்சி வந்தால் எனக்குப் பயம் வந்துவிடுகிறது. பயம் வந்ததும் கை தானாக 'டொய்ங்' போட்டுவிடுகிறது.

நீ சந்தேகப்பட்டது சரி. சடங்குக் காட்சியில் தம்பி விழுகிறான். படமாகவும் வரைந்தாயிற்று. ஹொசுமி, "வழக்கம்போல கொழுக்கட்டை மூஞ்சி போட்டு முழுசா சிரிக்க வைங்க, இல்லேன்னா வெட்டிடலாம்" என்கிறாள். நவம்பர் எட்டாம் தேதி குரல் பதிவு. அதற்குள் சொல்ல வேண்டும். நீ வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அம்மாவின் சடங்கில் அன்று விழுந்தவன் நான். அதன் பிறகு பேசாமல் போனவள் நீ. பாதி ஊர் சிரித்து மறந்துவிட்ட விஷயம் அது. நீ மட்டும் ஏன் அக்கா?

தம்பி
கென்சாகு


ஹிமி
அக்டோபர் 27

கென்சாகு,

ஏன் என்றா கேட்கிறாய்? எழுதுகிறேன், கேள்.

சடங்கு தொடங்குவதற்கு முன்னால், கோயில் வாசலில், நீ என்னிடம் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தா அம்மாவே எழுந்து போயிடுவாங்க. கொஞ்சம் சிரி அக்கா. சிரிக்க மாட்டியா? நான் சிரிக்க வைக்கிறேன் பாரு" என்றாய். ஒன்றரை மணி நேரம் கழித்து, சாம்பிராணித் தூள் போட உன் முறை வந்தது. எழுந்தாய். இரண்டே எட்டு. மேசை விரிப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே குப்புற விழுந்தாய். ஓதும்போது தட்டுகிற மணிக் கிண்ணம் உருண்டுபோய்த் தூணில் மோதி 'டிங்' என்றது. ஓதிக்கொண்டிருந்த குருவின் குரலே ஒரு படி ஏறி இறங்கியது. சொன்னதைச் செய்துவிட்டாய் என்று நினைத்தேன். அம்மாவின் கடைசி நாளைக்கூட உன் மேடையாக்கிவிட்டாய்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். நான் சிரித்துவிட்டேன், கென்சாகு. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முன் வரிசையில், அம்மாவின் படத்துக்கு எதிரே, தலைமகள் நான் தோள் குலுங்கச் சிரித்தேன். என் முதுகைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்தவன் தரையில் கிடந்த நீ ஒருவன்.

சடங்கு முடிந்ததும் கிமியே சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவுக்கு நீதாண்டி பொண்ணு. எப்படித் தேம்பித் தேம்பி அழுதே! பார்த்துட்டு நானும் கைக்குட்டையை வாயில திணிச்சுக்கிட்டேன்" என்றாள். இன்றுவரை ஊரில் யார் வீட்டில் துக்கம் என்றாலும், "தோமொயே அழுத மாதிரி அழணும்" என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கூசுகிறது. உன் முகத்தைப் பார்த்தால் அது நினைவுக்கு வரும். அதனால்தான் பார்க்கவில்லை.

இப்போது அதை நாடு முழுக்கக் காட்டப் போகிறாய். அந்த அக்காவின் முகத்தையும் வரைந்திருப்பாய் இல்லையா?

தோமொயே


டோக்கியோ
நவம்பர் 2

அக்கா,

இந்தக் கடிதத்தில் நகைச்சுவை இல்லை. தேடாதே.

வாசலில் அப்படிச் சொன்னது நிஜம். உன் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் உளறினேன். ஆனால் உள்ளே போய் அம்மாவின் படத்தைப் பார்த்ததும் வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவள் என்ன சொல்வாள்? "கென்சாகு, காலை மடக்கி ஒழுங்கா உட்காரு. உனக்கு இருக்கிறது முழங்காலா, கஞ்சியா?" சாகிற வரைக்கும் அவள் முன்னால் நான் ஒரு தடவைகூட ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. அன்றைக்காவது உட்கார வேண்டும் என்று நினைத்தேன்.

குதிகால்மேல் உட்கார்ந்தேன். எல்லோரும் நடுநடுவே கால் மாற்றினார்கள், பெருவிரலை அசைத்துக்கொண்டார்கள். நான் அசைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம். முதலில் வலித்தது, அப்புறம் எரிந்தது, அப்புறம் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. எழுந்து நின்றேன். நிற்பதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அவ்வளவுதான்.

என் வாழ்க்கையில் நடிக்காமல் விழுந்தது அந்த ஒரு தடவைதான். யாரும் நம்பவில்லை. கோமாளி விழுந்தால் யார் நம்புவார்கள்? தரையிலிருந்து உன் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாளாகக் கல்லாக இருந்தவள் சிரித்துக்கொண்டிருந்தாய். சரி, அக்காவுக்காவது ஒரு நல்லது நடந்தது என்று நினைத்தேன். அது உனக்கு இவ்வளவு பெரிய பாரமாகும் என்று எனக்குத் தெரியாது. மன்னித்துவிடு.

காட்சியை எடுத்துவிடுகிறேன். ஹொசுமியிடம் நாளை மறுநாள் சொல்லிவிடுவேன்.

கென்சாகு


ஹிமி
நவம்பர் 5
(விரைவுத் தபால்)

கென்சாகு,

எடுக்காதே. இன்னும் சொல்லவில்லையென்றால் சொல்லாதே. சொல்லிவிட்டாயென்றால் போய் மாற்றிச் சொல்.

ஒன்றை உன்னிடமிருந்து மறைத்துவிட்டேன். என்னிடமிருந்தும்தான். அன்று எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, கைகழுவப் பின்வாசல் பக்கம் வந்தேன். தாழ்வாரத்தில் நீ தனியாக உட்கார்ந்து, காலுறையைக் கழற்றிவிட்டு, பாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாய். விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. சுற்றிலும் யாருமில்லை. பார்க்க ஆளில்லாத இடத்தில் எந்தக் கோமாளி நடிப்பான்? அதைப் பார்த்துவிட்டுத்தான் பார்க்காத மாதிரி திரும்பிப் போனேன். பழியைப் போட எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நீ கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாய்.

அன்றைக்கு உனக்குக் கால்தான் மரத்துப் போயிருந்தது. எனக்கு மற்றதெல்லாம்.

அவன் விழட்டும். ஆனால் 'டொய்ங்' வேண்டாம், கொழுக்கட்டை முகமும் வேண்டாம். அக்காவின் முகத்தை மட்டும் காட்டாதே. அதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

தோமொயே


டோக்கியோ
டிசம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். ஒரு மாதமாக எல்லோரும் அலுவலகத்திலேயே குடியிருக்கிறோம். நீ அனுப்பிய உலர்ந்த சீமைப்பனிச்சைப் பழங்களை ஹொசுமி ஒருத்தியே பாதி தின்றுவிட்டாள்.

எனக்குக் கால், உனக்கு மற்றதெல்லாம் என்று நீ எழுதிய இரண்டு வரியை மட்டும் அவளிடம் சொன்னேன். கால் மரத்த கதையையும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. "இதை ஏன் சார் முதல்லயே சொல்லல? இத்தனை வாரமா ரெண்டு வீட்டுக்கும் நடுவுல படிக்கட்டு எங்கேன்னுதானே தேடிக்கிட்டிருந்தேன்" என்றாள். விழுகிற காட்சியைத் தானே உட்கார்ந்து திரும்ப வரைந்தாள். பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது போல. அக்காவின் முதுகு மட்டும். இசை கிடையாது. கிண்ணம் உருள்கிற சத்தம், அந்த 'டிங்', அப்புறம் தோள் குலுங்குவது.

குரல் கொடுக்க வந்த பெண் தவித்துப்போனாள். "இது சிரிப்பா, அழுகையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார், நான் பண்றேன்" என்று கேட்டாள். "அடக்கப் பாரும்மா, முடியலேன்னா என்ன வருதோ அதை விடு" என்றேன். அவள் விட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த நாங்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எட்டாம் தேதி ஞாயிறு வருகிறது. பிடிக்கவில்லையென்றால் டிவியை நிறுத்திவிடு. உனக்குப் பிடிக்க வேண்டுமே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

தம்பி
கென்சாகு


ஹிமி
டிசம்பர் 9

அன்புத் தம்பி கென்சாகுவுக்கு,

முதல் கடிதத்தின் கடனையும் சேர்த்துத் தீர்த்துவிடுகிறேன். குளிர்காலத்துப் புரி மீனை வலைக்கு எழுப்பிவிடுகிற இடி முந்தாநாள் இடித்துவிட்டது. கடல் கறுத்துக் கிடக்கிறது. மிசுஹாஷி அண்ணன் வாயெல்லாம் பல். மலையில் பனி பாதி வரை இறங்கிவிட்டது. குளிக்க வருகிறவர்கள் மூக்கைச் சிவக்கவைத்துக்கொண்டு வருகிறார்கள். உனக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

நேற்று முன்கூடத்தில் பதினோரு பேர் பார்த்தோம். உன்னைத் தெரிந்த ஊர் அல்லவா? கிமியே சித்தியை நானே போய்க் கூட்டி வந்தேன். எழுபத்தொன்பது வயதுக்கு நல்ல இடத்தில்தான் உட்கார்ந்தாள், டிவிக்கு நேர் முன்னால்.

அவன் விழுந்தபோது மிசுஹாஷி அண்ணன் "ஹஹ்" என்று தொடங்கினார், பாதியில் நிறுத்திவிட்டார். அப்புறம் அந்த முதுகு. துண்டைத் தோளில் போட்ட பெரிய மனிதர்கள் எல்லோரும் துண்டால் முகத்தைத் துடைத்தார்கள். "குளிச்சிட்டு வந்தேன்ல, அதான் ஈரம்" என்றார் ஒருவர். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "சித்தி, அன்னிக்கு நான் அழல. சிரிச்சேன்."

சித்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்டி."

"தெரியுமா?"

"நானும்தானே சிரிச்சேன். பின்ன கைக்குட்டையை எதுக்கு வாயில திணிச்சுக்கிட்டிருந்தேன்னு நினைச்சே? உன்னை மட்டும் யாராவது ஏதாவது சொல்லிடக் கூடாதேன்னுதான் அழுதே அழுதேன்னு ஊர் முழுக்கச் சொல்லி வெச்சேன். உங்கம்மா இருந்திருந்தா முதல்ல அவதான் சிரிச்சிருப்பா."

பன்னிரண்டு வருஷம், கென்சாகு! சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இப்போதுதான் நான் அழுதேன். நிஜமாகவே தேம்பித் தேம்பி. சித்தி, "அன்னிக்கு இதைவிட நல்லா இருந்துச்சு" என்றாள்.

உன் தொடரைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள மாட்டேன். முதல் ஒன்பது வாரமும் 'டொய்ங்' அதிகம்தான். பத்தாம் வாரம் மட்டும் சரி.

ஜனவரி இருபத்தாறு, ஞாயிறு, காலை பத்து மணிக்கு இறந்த வருஷத்தையும் சேர்த்து எண்ணினால் அம்மாவின் பதின்மூன்றாம் ஆண்டு நினைவுச் சடங்கு. நீ வர வேண்டும். கோயிலில் இப்போது எல்லோருக்கும் நாற்காலி போடுகிறார்கள். யார் யாருக்கு வேண்டும் என்று குரு கேட்டார். "என் தம்பிக்கு வேண்டாம். அவன் காலை மடக்கி ஒழுங்காக உட்காருகிறவன்" என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். உன் பக்கத்தில் உட்காருவேன். நீ விழுந்தால் இந்தத் தடவை நான்தான் தூக்கிவிடுவேன். சிரிக்க மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.

உன் அக்கா
தோமொயே


(புத்தாண்டு அட்டை. அச்சிட்டது:)

புத்தாண்டு வாழ்த்துகள்.
சென்ற ஆண்டு காட்டிய அன்புக்கு நன்றி.
ஜனவரி 1

(அதற்குக் கீழே, கையால்:)

அக்கா, இருபத்தாறாம் தேதிக்குப் பயிற்சி தொடங்கிவிட்டேன். இன்று காலை பதினேழு நிமிடம். இதை எழுதுவது தரையில் கிடந்தபடி.
கென்சாகு